ஆன்லைன் வகுப்பா, பள்ளிக்கூடமா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு

குழந்தையை வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கவைக்கலாமா, பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர், எந்தச் செயலி நல்லது, பாடத்திட்டம் எப்படி, இன்டர்நெட் வேகம் போதுமா, கட்டணம் எவ்வளவு என்றுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். எல்லாமே கேட்க வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்கு முன்னால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். காலையிலிருந்து பிற்பகல் வரை அந்தக் குழந்தையின் பக்கத்தில் எந்தப் பெரியவர் இருப்பார்? என்னைப் பொறுத்தவரை முடிவில் பாதி இந்தப் பதிலைப் பொறுத்தது.

தொலைவிலிருந்து பாடம் நடத்துவது நேற்று வந்த யோசனை இல்லை. பள்ளி எட்டாத தொலைவில் வாழ்ந்த குழந்தைகளுக்காக நியூசிலாந்து 1922இலேயே அஞ்சல்வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. இன்றும் அது நடக்கிறது, இப்போது பெரும்பாலும் இணையத்தின் வழியாக. 1937இல் போலியோ பரவி சிகாகோவில் பள்ளித் திறப்பு தள்ளிப்போனபோது, 3 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம் நடத்தினார்கள். ஒரு பாடத்துக்கு 15 நிமிடம். எந்த வகுப்புக்கு எப்போது பாடம் என்று செய்தித்தாள்கள் அச்சிட்டன. சந்தேகம் கேட்கப் பெற்றோருக்குத் தொலைபேசி ஏற்பாடும் இருந்தது. சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள், உதவி தேவைப்படும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கவலை அப்போதே எழுந்தது. நாம் இன்றும் அதே இடத்தில்தான் நின்று கவலைப்படுகிறோம்.

இந்த வரிசையில் நான் மிகவும் மதிக்கும் உதாரணம் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951இல் தொடங்கிய வானொலிப் பள்ளி. ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் சிதறிக் கிடந்த பண்ணை வீடுகளின் குழந்தைகளுக்காக, விமானத்தில் போய்ச் சிகிச்சை தரும் பறக்கும் மருத்துவர் சேவையின் ரேடியோ அமைப்பையே பயன்படுத்திப் பாடம் நடத்தினார்கள். பிறகு செயற்கைக்கோள் வந்தது, வீடியோ வந்தது. எழுபது ஆண்டுகளைத் தாண்டியும் அது நிற்பதற்குக் கருவிகள் மட்டும் காரணமில்லை. அங்கே ஆசிரியரோடு நேரலையில் பேசும் நேரம் ஒரு நாளில் சிறு பகுதிதான். மீதி நேரமெல்லாம் அம்மாவோ, அதற்கென்றே அமர்த்தப்பட்ட ஒருவரோ குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை நடத்திக்கொண்டு போகிறார். அவருக்குப் பள்ளி வழிகாட்டுகிறது. ஆண்டில் சில முறை பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டிச் சேர்ந்து இருக்கவும் வைக்கிறார்கள். அதாவது, நன்றாக நடக்கும் தொலைதூரப் பள்ளி, வீட்டுக்குள் இன்னொரு ஆசிரியரையும் கேட்கிறது. விளம்பரங்களில் இந்தப் பகுதி வருவதில்லை.

2020 சொன்ன கணக்கு

கொரோனா தொற்றால் 2020 ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டு, 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அவர்களில் குறைந்தது 46.3 கோடிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தத் தொலைநிலைக் கல்வியும் எட்டவில்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் யுனிசெஃப் சொன்னது. கருவி இல்லை, இணைப்பு இல்லை, அல்லது அந்த வயதுக்கான பாடமே ஏற்பாடாகவில்லை. இந்தப் பிள்ளைகளின் கதை தனி. அவர்களுக்குக் கிடைத்தது மோசமான ஆன்லைன் கல்வி என்று கூடச் சொல்ல முடியாது. எதுவுமே கிடைக்கவில்லை.

கருவியும் இணைப்பும் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அதற்கு நெதர்லாந்தைவிட நல்ல சோதனைக்களம் கிடைக்காது. வீட்டுக்கு வீடு அதிவேக இணையம் உள்ள நாடு. முதல் தடவை பள்ளிகள் மூடியிருந்ததும் எட்டு வாரம்தான். அதற்கு முன்னும் பின்னும் தேசிய அளவில் தேர்வுகள் நடந்திருந்ததால், ஏறத்தாழ 3,50,000 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஒப்பிட முடிந்தது. 2021இல் வெளியான அந்த ஆய்வின்படி, இழப்பு ஒரு கல்வியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு. பள்ளி மூடியிருந்த காலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. வீட்டிலிருந்து படித்த அந்த வாரங்களில் பிள்ளைகள் ஏறக்குறைய எதுவும் முன்னேறவில்லை என்பதுதான் இதன் பொருள். அதிகம் படிக்காத பெற்றோரின் வீடுகளில் இழப்பு 60 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. இணைப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரும், அதற்கு நேரம் உள்ளவரும் எல்லா வீட்டிலும் இல்லை.

மறுபக்கம் ஸ்வீடன். அந்தக் காலத்தில் அங்கே சிறு பிள்ளைகளின் பள்ளிகளைப் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தார்கள். 1 முதல் 3ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளின் வாசிப்புத் திறனைப் பின்னர் அளந்தபோது சரிவு தெரியவில்லை. தொற்றுக்காலத்தில் பள்ளியைத் திறந்து வைத்தது சரியா என்பது வேறு விவாதம். அதற்குள் நான் போகவில்லை. வாசிக்கப் பழகும் வயதில் வகுப்பறை என்ன செய்கிறது என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

"அது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு, அதை வைத்து ஆன்லைன் கல்வியை எடை போடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் திட்டமிட்டு, முழுநேரமாக, பல ஆண்டுகள் நடந்த ஆன்லைன் பள்ளிகளைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம், ஆன்லைன் சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி) மாணவர்களை, முந்தைய மதிப்பெண்ணிலும் பின்னணியிலும் ஒத்த நேரடிப் பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டது. 180 நாள் கொண்ட ஒரு கல்வியாண்டில் அவர்கள் வாசிப்பில் 72 நாள் அளவுக்கும், கணக்கில் 180 நாள் அளவுக்கும் பின்தங்கியிருந்தார்கள். கணக்கைப் பொறுத்தவரை அந்த ஆண்டு பள்ளிக்கே போகாததற்குச் சமம்.

இதே ஆய்வு முயற்சியின் இன்னொரு பகுதி காரணத்தையும் தொட்டது. சாதாரண பள்ளியில் ஒரு நாளில் கிடைக்கும் நேரடி ஆசிரியர் நேரம், அந்த ஆன்லைன் பள்ளிகளில் ஒரு வாரம் முழுக்கச் சேர்த்தும் கிடைக்கவில்லை. மிச்ச வேலையைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்தப் பள்ளிகள் எதிர்பார்த்தன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வெளிப்படையாகச் சொல்லி, ஆள் வைத்து, வழிகாட்டிச் செய்ததை இங்கே சத்தமில்லாமல் வீட்டின் தலையில் இறக்கிவிட்டார்கள்.

திரையில் தெரியாதவை

ஏன் இப்படி ஆகிறது? பாடத்தின் உள்ளடக்கம் இரண்டிலும் ஒன்றுதான். பல சமயம் ஆன்லைனில் விளக்கப்படங்களும் அனிமேஷனும் வகுப்பறையைவிட நன்றாகவே இருக்கும். வித்தியாசம், ஆசிரியருக்கு என்ன தெரிகிறது என்பதில்தான்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை கழித்தல் கணக்குப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். 2இலிருந்து 7 போகாது என்றதும், திருப்பிப் போட்டு 7இலிருந்து 2ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. வகுப்பறையில் வரிசைகளுக்கு நடுவே நடந்து வரும் ஆசிரியர், பென்சில் நகரும்போதே அதைப் பார்க்கிறார். அங்கேயே குனிந்து, "கடன் வாங்கினியா?" என்று கேட்டுவிட்டு நகர்கிறார். திரையில் விடை மட்டும்தான் போய்ச் சேர்கிறது, தவறு என்று சிவப்பாகக் காட்டுகிறது, அடுத்த கேள்வி வருகிறது. தவறு எங்கே பிறந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அது அப்படியே மூன்றாம் வகுப்புக்கும் போகும். எழுத்துக்கூட்டி வாசிப்பதில், பென்சில் பிடிப்பதில், சத்தமாகப் படிக்கும்போது எந்த இடத்தில் குழந்தை ஊகித்துத் தாண்டுகிறது என்பதில் எல்லாம் இதே கதைதான்.

நேரில் இருக்கும் மனிதருக்கு என்ன சக்தி என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. பாட்ரிசியா குல் குழுவினர், அமெரிக்காவில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் பேசி விளையாடியவரிடமிருந்து குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் வீடியோவில் பேசியபோது கற்றுக்கொள்ளவில்லை. கைக்குழந்தைக்கு உள்ளது பத்து வயதுப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வயது குறையக் குறைய, மனிதர் அருகில் இருப்பது பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

அதனால் வயதை வைத்து என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஒன்பது, பத்து வயது வரை, வேறு வழியே இல்லாத நிலைமை தவிர, பள்ளிக்கூடம்தான். பத்திலிருந்து பதினான்கு வரை பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அந்த வயதில் நண்பர்கள்தான் உலகம், அதைத் திரைக்குள் சுருக்குவது கடினம். பதினைந்துக்கு மேல், தானாக எழுந்து, தானாக அட்டவணை போட்டு, முடிக்காத வேலையைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஆன்லைன் நன்றாகவே வேலை செய்யும். அந்தப் பழக்கம் இன்னும் வராத பதினேழு வயதுப் பிள்ளையைத் திரையை மட்டும் நம்பி விடக் கூடாது. வயதைவிட அந்தப் பழக்கம்தான் முக்கியம்.

பாடத்துக்கு வெளியே பள்ளி செய்யும் வேலைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020இல் பள்ளி மூடியதால் 37 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி உணவு கிடைக்காமல் போனது என்று உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. வீட்டில் அடியும் அவமானமும் படும் குழந்தையின் முகத்தை வெளியாள் ஒருவர் தினமும் பார்க்கும் இடம் பல நேரங்களில் வகுப்பறை மட்டும்தான். கண்ணுக்கும் ஒரு விஷயம். சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆய்வு ஒன்றில், பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கவைத்த முதல் வகுப்புப் பிள்ளைகளில் மூன்று ஆண்டுகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றவர்களில் அது 39.5 சதவீதம். வீட்டில் படிக்கும் குழந்தையும் வெளியே போகலாம்தான். யாராவது கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். மறுபடி அதே கேள்வி, பக்கத்தில் யார்?

ஆன்லைன் நிஜமாகவே நல்ல தேர்வாகும் இடங்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆன்லைன் கல்வி தண்டம் என்ற முடிவுக்கு யாரும் வர வேண்டாம். சில குழந்தைகளுக்கு அதுதான் ஒரே கதவு. நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, கூட்டத்தில் தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் உள்ள குழந்தை, பள்ளிக்குப் போய்வரவே தினமும் பல மணி நேரம் இழக்கும் குழந்தை, பெற்றோரின் வேலையால் ஆண்டுக்கொரு ஊர் மாறும் குழந்தை. இவர்களுக்கு ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பு என்ற தொடர்ச்சியை ஆன்லைன்தான் தரும். அருகில் உள்ள எந்தப் பள்ளியிலும் ஆசிரியரே இல்லாத பாடத்தைப் படிக்க விரும்பும் மேல்வகுப்புப் பிள்ளைக்கும் அப்படித்தான். பதிவு செய்த பாடத்தை நிறுத்தி, திருப்பி, மறுபடி கேட்க முடிவது மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய உதவி. வகுப்பில் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க நிறைய தைரியம் வேண்டும்.

வதைக்கப்படும் குழந்தையைப் பற்றி நின்று பேச வேண்டும். உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் கடந்த ஒரு மாதத்தில் சக மாணவர்களால் வதைக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார் என்று யுனெஸ்கோ 2019இல் வெளியிட்டது. பள்ளிக்கூடம் நல்லது என்று நான் எழுதுவதெல்லாம், குழந்தை அங்கே பாதுகாப்பாக இருக்கிறது என்ற நிபந்தனையோடுதான். தினமும் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையிடம், "எல்லாம் பழகிடும்" என்று சொல்லி அனுப்புவது கொடுமை. பள்ளியிடம் பேசியும் மாற்றம் இல்லையென்றால் தயங்காமல் வெளியே எடுங்கள். மதிப்பெண் பிறகு வரும். ஆனால் வெளியே எடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மற்ற பிள்ளைகள் எல்லோருமே ஆபத்தானவர்கள் என்ற எண்ணம் குழந்தையின் மனதில் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு, பாட்டு, நூலகம், எதுவாக இருந்தாலும் சரி, வாரத்தில் சில மணி நேரமாவது வேறு பிள்ளைகளோடு நல்லபடியாக இருக்கும் இடம் வேண்டும். ஆன்லைன் வகுப்பு அந்தக் காலத்துக்கான பாதுகாப்பான தங்குமிடம். அப்புறம் வேறொரு பள்ளிக்குப் போகும் வழியையும் திறந்தே வையுங்கள்.

பள்ளிக்கூடம் நேரத்தை வீணடிக்கிறது, வீட்டில் மூன்று மணி நேரத்தில் முடிகிற பாடத்துக்கு அங்கே ஆறு மணி நேரம் என்ற வாதத்தையும் கேட்டிருப்பீர்கள். கணக்கு ஓரளவு சரிதான். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்றால் பாடம் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த மூன்று மணி நேரமும் ஒரு பெரியவர் முழுசாக உட்கார்ந்திருக்கிறார் என்பதை இந்தக் கணக்கு சொல்வதில்லை. முறைக்காகக் காத்திருப்பது, பிடிக்காதவனோடு சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது, சண்டை போட்டு அன்றே சமாதானமாவது ஆகியவற்றையும் நான் வீண் என்று எழுதிவிட மாட்டேன்.

பக்கத்து அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து அலுவலக வேலை பார்க்கும் பெற்றோர், குழந்தையின் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வது இயல்பு. இது உண்மையில் இல்லாத ஏற்பாடு. மீட்டிங் நடுவில் எழுந்து வந்து ஏழு வயதுப் பிள்ளைக்குக் கழித்தல் சொல்லித்தர முடியாது. சத்தம் போடாதே என்றுதான் சொல்ல முடியும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், பாட்டியோ தாத்தாவோ வேறு யாரோ மனமுவந்து அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை என்றால், சிறு குழந்தைக்கு முழுநேர ஆன்லைன் பள்ளியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல வீடுகளில் அந்தப் பொறுப்பு கேட்காமலேயே அம்மாவின் மேல் விழுகிறது. அதைப் பேசி முடிவு செய்யுங்கள், தானாக விழவிடாதீர்கள்.

சேர்ப்பதற்கு முன்

ஆன்லைன் பள்ளியிடம் கேட்க வேண்டியவை நேரடியானவை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆசிரியர் நேரலையில் இருக்கிறார்? பதிவு செய்த வீடியோவை அதில் சேர்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நேரலை வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? கையால் எழுதிய பக்கத்தை யார் திருத்துகிறார்கள், எத்தனை நாளில் திரும்பி வரும்? குழந்தை கேமராவை அணைத்துவிட்டு மியூட்டில் உட்கார்ந்தால் எப்போது உங்களுக்குத் தெரியவரும்? பதில் "எங்கள் டாஷ்போர்டில் பார்க்கலாம்" என்றால், பார்ப்பவர் நீங்கள்தான் என்று பொருள். அடுத்த ஆண்டு சாதாரண பள்ளியில் சேர்க்க அவர்கள் தரும் சான்றிதழ் செல்லுமா என்பதை, அவர்களிடம் கேட்பதோடு நிறுத்தாமல், நீங்கள் சேர்க்க நினைக்கும் பள்ளியிடமும் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தையும் சும்மா விட வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் எத்தனை பேர், கழிப்பறை எப்படி, வதைப்பு பற்றிப் புகார் வந்தால் அடுத்த நாள் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். வகுப்பறையில் எவ்வளவு நேரம் திரை என்றும் கேளுங்கள். பதினைந்து வயது மாணவர்களிடம் பல நாடுகளில் நடக்கும் பிசா ஆய்வின் 2022 சுற்றில், ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளின் மாணவர்களில் சராசரியாக 65 சதவீதம் பேர், சில கணக்கு வகுப்புகளிலாவது டிஜிட்டல் கருவிகளால் தங்கள் கவனம் சிதறுகிறது என்றார்கள். பள்ளிக்கு அனுப்பியும் பிள்ளை நாள் முழுக்க டேப்லெட்டையே பார்க்குமென்றால், நேரடிக் கல்வியின் நன்மையில் பெரும் பகுதி வாசலிலேயே நின்றுவிடும்.

இரண்டையும் கலப்பது பலருக்கு ஒத்துவரும். பகலில் பள்ளி, புரியாத பாடத்துக்கு மட்டும் வீட்டில் பதிவு செய்த வகுப்பு. உடல்நலக் குறைவு உள்ள குழந்தைக்கு வாரத்தில் சில நாள் பள்ளி, மற்ற நாள் அதே ஆசிரியரோடு ஆன்லைன். ஒரே ஆசிரியர் என்பது இதில் முக்கியம். இரண்டு இடத்தில் இரண்டு பேர் இரண்டு பாடத்தை நடத்தினால் குழந்தை நடுவில் தொலைந்துபோகும்.

முழுநேர ஆன்லைன்தான் என்று முடிவானால், ஆண்டு முழுவதற்கும் கட்டணம் கட்டாமல் முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் சேருங்கள். பருவம் முடியும்போது, படித்த பாடத்திலிருந்து ஒரு பக்கம் குழந்தையைத் தன் கையால் எழுதச் சொல்லி, அந்தப் பள்ளியைச் சேராத ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். இந்த வாரம் எந்தப் பிள்ளைகளோடு பேசினாய், விளையாடினாய் என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரிடம், அடுத்த பருவமும் முடியுமா என்று தனியாகக் கேளுங்கள். இந்த மூன்றில் இரண்டு பதில் சரியில்லை என்றால் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் போட வேண்டும். அதற்கான கடைசித் தேதியை இப்போதே விசாரித்துக் குறித்து வையுங்கள்.